ஒரு வால் எண்ணில் தொடங்குங்கள்: நாட் போர் விமானத்தின் வரலாற்றை இணையத்தில் தேடுவதற்கு முழுமையான வழிகாட்டி

நாட் (Gnat) விமானத்தைப் பற்றி இணையத்தில் கட்டுரைகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் பத்துக் கட்டுரைகளைத் திறந்தால் எட்டில் ஒரே பத்தி, ஒரே படம், ஒரே பிழை. புதிதாக வருபவர்கள் இந்த எட்டையும் படித்துவிட்டு எட்டு ஆதாரங்கள் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் கையில் இருப்பது ஒன்று, சில நேரம் அதுவும் இல்லை.

இந்திய விமானப்படையில் பறந்த ஃபோலண்ட் நாட் விமானங்களைப் பற்றித் தேட விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பீடத்தில் ஏற்றி வைத்த ஒரு விமானத்தைப் பார்த்து ஆர்வம் வந்திருக்கலாம், மாதிரி விமானம் செய்பவராக இருக்கலாம், 1965 அல்லது 1971 போரின் ஒரு குறிப்பிட்ட மோதலைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கலாம். எதுவானாலும் வேலையின் வரிசை ஒன்றுதான். அந்த வரிசையை மாற்றினால் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

ஓர் எக்செல் அட்டவணை போதும். அதில் எட்டுப் பத்திகள்: வால் எண் (ஒவ்வொரு விமானத்தின் மேலும் எழுதப்படும் அதற்கே உரிய அடையாள எண்), தேதி, இடம், ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு), என்ன நடந்தது, யார் சொன்னது, எந்தப் பக்கத்தில் பார்த்தேன், நம்பகத்தன்மை.

கடைசிப் பத்திக்கு மூன்றே எழுத்துகள். அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஆவணம் என்றால் 'அ'. பிற்காலத்தில் ஒருவர் ஆதாரம் காட்டி எழுதியது என்றால் 'ஆ'. ஆதாரமே இல்லாமல் எழுதப்பட்டது 'இ'. முதல் வாரத்தில் பெரும்பாலான வரிசைகளில் 'இ' நிற்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அதை மறைக்காமல் பதிவதற்குத்தான் இந்தப் பத்தி.

'யார் சொன்னது' என்பதற்குத் தனிப்பத்தி ஏன் என்று பலர் கேட்கிறார்கள். ஏழாவது படியில் அதன் தேவை புரியும். இப்போதே ஒதுக்கிவிடுங்கள், நூறு வரிசை நிரம்பிய பிறகு நடுவே ஒரு பத்தியைச் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி நிரப்ப யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"நாட் விமானத்தைப் பற்றி எல்லாம் தெரிய வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. ஒரு விமானம், ஒரு ஸ்குவாட்ரன், ஒரு நாள் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒரு விமானம். விமானத்துக்கு வால் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு உருவாக்கம், பணி, முடிவு என்று ஓர் ஆயுள் இருக்கிறது. கிடைக்கும் தகவல் அந்த எண்ணோடு பொருந்துகிறதா என்று உடனே சரிபார்த்துவிடலாம். ஸ்குவாட்ரனை எடுத்தால் எல்லை விரிந்துகொண்டே போகும். 18வது ஸ்குவாட்ரனையே பாருங்கள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரைக் காக்க நாட் விமானத்தில் எழும்பி உயிர்நீத்து, பரம் வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் செக்கோன் இருந்த ஸ்குவாட்ரன் அது. அதே எண் 2020 மே மாதம் கோவைக்கு அருகே சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது. இன்று அந்த எண்ணைத் தேடினால் முதலில் வருவது முழுக்கத் தேஜஸ் செய்திகள்தான். தேடலில் ஆண்டு வரம்பு வைக்கத் தெரியாதவர்கள் இந்த இடத்திலேயே களைத்துவிடுவார்கள்.

2. எந்த நாட் என்பதைப் பிரித்தறியுங்கள்

அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டிவிடுபவர்கள்தான் பின்னால் அதிகம் தடுமாறுகிறார்கள். நாட் என்ற பெயரில் மூன்று வெவ்வேறு விமானங்கள் உலவுகின்றன.

முதலாவது ஒற்றை இருக்கைப் போர் விமானமான எஃப்.1. டபிள்யூ. ஈ. டபிள்யூ. பெட்டர் வடிவமைத்து 1955 ஜூலை 18 அன்று முதன்முதலாகப் பறந்தது. நீளம் 8.74 மீட்டர், இறக்கை அகலம் 6.73 மீட்டர். இந்தியா, பின்லாந்து, யூகோஸ்லாவியா ஆகிய நாடுகள் வாங்கியது இதைத்தான். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உரிமம் பெற்றுத் தயாரித்ததும் இதுவே.

இரண்டாவது இரட்டை இருக்கைப் பயிற்சி விமானமான டி.1. நீளம் 9.68 மீட்டர், இறக்கை 7.32 மீட்டர், எஞ்சினும் சக்தி குறைந்த வகை. பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தியது இது. 1965 முதல் 1979 வரை ரெட் ஆரோஸ் சாகசக் குழு சிவப்பு வண்ணம் பூசிப் பறந்ததும் இதில்தான். பிரிட்டிஷ் படை ஒற்றை இருக்கை நாட் விமானத்தைப் போர்ப்பணிக்கு எடுத்துக்கொள்ளவே இல்லை.

மூன்றாவது அஜீத். நாட் விமானத்தை ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் மேம்படுத்தி உருவாக்கியது. இறக்கைக்குள்ளேயே எரிபொருள் நிரப்பும்படி மாற்றியதால், கீழே தொங்கிய எரிபொருள் கலங்களுக்கு வேலை இல்லாமல் போனது. ஆயுதம் மாட்டும் இடங்கள் நான்காயின. புதிதாக 79 அஜீத் விமானங்கள் கட்டப்பட்டன. பழைய நாட் விமானங்கள் பத்து அஜீத்தாக மாற்றப்பட்டன. இந்தப் பத்தையும் நினைவில் வையுங்கள். ஒரே உடலுக்கு நாட் என்று ஒரு வாழ்க்கையும் அஜீத் என்று இன்னொரு வாழ்க்கையும் இருக்கும். உங்கள் விமானத்தின் தடம் 1970களின் பிற்பகுதியில் திடீரென்று அறுந்துபோனால், விபத்து என்று முடிவு கட்டும் முன் இந்த வாய்ப்பைச் சோதியுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. டி.1 விமானத்தின் அளவுகளை இந்தியாவின் நாட் விமானத்துக்கான அளவுகள் என்று நம்பி எடுத்துவைப்பது ஒன்று. ஏர்ஃபிக்ஸ் விற்கும் டி.1 மாதிரிப் பெட்டியை வாங்கிவிட்டு, அதில் இந்தியப் போர் விமானம் செய்ய முடியவில்லையே என்று வருந்துவது இன்னொன்று. இறக்கையே வேறு என்பதால் ஓர் இருக்கையை மூடிவிட்டால் சரியாகிவிடாது. மூன்றாவது எஞ்சின் உந்துவிசை. எஃப்.1 விமானத்தின் ஆர்ஃபியஸ் 701 எஞ்சினுக்கு 4,705 பவுண்டு. கிலோவில் சொன்னால் ஏறத்தாழ 2,134. பவுண்டு எண்ணையே கிலோ என்று போட்டிருக்கும் பட்டியல்களைக் கண்டால், மற்ற எண்களையும் நம்பாமல் மூடிவிடுங்கள்.

3. படிக்கும் முன் சேமியுங்கள்

பழைய விமானங்களைப் பற்றிய பக்கங்களில் பெரும்பாலானவை தனி ஆர்வலர்கள் நடத்துபவை. அவர் ஓய்வு பெற்றாலோ ஆண்டுக் கட்டணத்தை மறந்தாலோ பக்கம் மறைந்துவிடும். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. பிரிட்டனின் ஃப்ளைட் வார இதழின் பழைய பக்கங்கள் ஒரு காலத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. நாட் தொடர்பான பல கட்டுரைகளின் அடிக்குறிப்புகள் இன்றும் அந்தப் பக்கங்களையே சுட்டுகின்றன. சொடுக்கினால் ஒன்றும் வராது.

ஆகவே பயனுள்ள பக்கம் கிடைத்ததும் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்து ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கணினியில் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். கோப்பின் பெயர் தேதியில் தொடங்கட்டும். அப்போது கோப்புகள் தானாகவே கால வரிசையில் அடுக்கப்பட்டுவிடும்.

செத்துப்போன சுட்டி எதிர்ப்பட்டால் அதே வேபேக் மெஷினில் அந்த முகவரியை ஒட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் உயிர்த்தெழும். ஃப்ளைட் இதழைப் பொறுத்தவரை, முழு இதழ்களாகவே ஸ்கேன் செய்யப்பட்ட பிரதிகள் பல அதே காப்பகத்தில் கிடைக்கின்றன. இதழின் தேதி தெரிந்தால் நேராகப் போய் எடுக்கலாம்.

4. தேடுசொற்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

நாட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் முதலில் கொசு போன்ற ஒரு சிறு பூச்சி வரும், அதன் பின்னால் அதே பெயரில் கணினி நிரல்களுக்கான ஒரு கம்பைலர் வரும், அமெரிக்க ஆளில்லா விமானம் ஒன்றும் வரும். எப்போதும் ஃபோலண்ட் என்ற நிறுவனப் பெயரையோ ஹெச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) என்பதையோ சேர்த்தே தேடுங்கள். இரண்டு சொற்களையும் மேற்கோள் குறிக்குள் போட்டால் குப்பை பெருமளவு குறையும்.

நாட் விமானத்துக்கு வந்த 'சேபர் கொல்லி' என்ற பட்டப்பெயரைப் போட்டுத் தேடாதீர்கள் (சேபர் என்பது பாகிஸ்தான் பயன்படுத்திய அமெரிக்கத் தயாரிப்புப் போர் விமானம்). முன்னுரையில் சொன்ன ஒரே பத்தி, ஒரே படம் வகைக் கட்டுரைகளின் கூடாரம் அது.

இடப்பெயர்களுக்கு எல்லா வடிவங்களையும் எழுதி வையுங்கள். 1971 நவம்பர் 22 அன்று கிழக்குப் பாகிஸ்தான் (இன்றைய வங்கதேசம்) எல்லைப் பகுதியில் நடந்த வான்மோதலை விமானப்படை சார்ந்தவர்கள் பாய்ரா என்பார்கள். அதற்கு முந்தைய நாள் அதே பகுதியில் நடந்த தரைப்போரைத் தரைப்படையினர் கரீப்பூர் என்பார்கள். இரண்டையும் தேடினால்தான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களின் விவரமும் கிடைக்கும்.

வால் எண்ணையும் பல வடிவங்களில் தேடுங்கள். ஐஇ1083 என்றும், முதல் எழுத்தான 'ஐ' இல்லாமல் இ1083 என்றும், இடையில் சிறுகோடு போட்டும், இடைவெளி விட்டும் எழுதுகிறார்கள். தேடுபொறிக்கு இவை நான்கும் நான்கு வெவ்வேறு சொற்கள். அட்டவணையில் மட்டும் ஒரே வடிவத்தைப் பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரே விமானம் இரண்டு வரிசைகளில் உட்கார்ந்துகொண்டு உங்களை ஏமாற்றும்.

5. முதலில் தரவுத்தளங்கள், பிறகுதான் கட்டுரைகள்

இந்தியாவின் நாட் விமானங்களுக்கு இரண்டு இடங்களில் தொடங்கலாம். பாரத் ரக்‌ஷக் தளத்தின் விமானப்படைப் பகுதியில் வால் எண் வாரியாகவும் ஸ்குவாட்ரன் வாரியாகவும் அதிகாரிகள் வாரியாகவும் பட்டியல்கள் உண்டு. வார்பர்ட்ஸ் ஆஃப் இந்தியா தளம் இந்தியாவெங்கும் அருங்காட்சியகங்களிலும் பீடங்களிலும் இன்று நிற்கும் பழைய விமானங்களை ஊர் வாரியாகப் படத்தோடு தருகிறது.

பீடத்தில் கண்ட விமானத்தோடு வந்தவர்கள் இரண்டாவது தளத்தில் தொடங்கி, அங்கே கிடைக்கும் வால் எண்ணை எடுத்துக்கொண்டு முதல் தளத்துக்குப் போக வேண்டும். போர் நிகழ்வோடு வந்தவர்கள் எதிர்த்திசையில் போக வேண்டும்.

தரவுத்தளம் ஏன் முதலில்? கட்டுரை எழுதுபவர் கதை சொல்கிறார். கதைக்குத் தேவைப்படாத எண்ணையும் தேதியையும் விட்டுவிடுவார். தரவுத்தளம் சுவையற்றது, ஆனால் அதில் இருக்கும் வெற்றிடம்கூட உங்களுக்குச் செய்தி. எது தெரியவில்லை என்பதை அது மறைப்பதில்லை.

மொத்தம் எத்தனை நாட் விமானங்கள் இந்தியாவிடம் இருந்தன என்ற கேள்வியில் இந்தக் கட்டத்தில் சிக்கிக்கொள்ளாதீர்கள். எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் கட்டிய முழு விமானங்கள், பகுதிகளாக வந்து பெங்களூரில் பூட்டியவை, பெங்களூரிலேயே முழுதாகச் செய்தவை என்று மூன்று வகை உண்டு. நடுவில் உள்ளதை ஒருவர் பிரிட்டன் கணக்கிலும் இன்னொருவர் இந்தியக் கணக்கிலும் வைப்பார். உங்கள் விமானம் எந்த வகை என்று தெரிந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் வால் எண் கேட்காதீர்கள். தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணில் அப்படி ஒரு விமானம் இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

6. மூல ஆவணங்களுக்குப் போங்கள்

இங்கேதான் அட்டவணையில் 'அ' எழுத்துகள் ஏறத் தொடங்கும்.

பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் தளத்தில் விருது பெற்றவர்களின் பெயரும் விருதுக்குரிய பாராட்டுரையும் இருக்கின்றன. பாராட்டுரையில் தேதி, இடம், விமான வகை பெரும்பாலும் வரும். வால் எண் வருவது அரிது. இந்திய அரசிதழில் வெளியான நாளும் நிகழ்வு நடந்த நாளும் வெவ்வேறு. புதியவர்கள் அரசிதழ் தேதியை நிகழ்வுத் தேதியாக எழுதிவிடுகிறார்கள். பாராட்டுரை எழுதப்பட்டபோது கையில் இருந்த தகவல் அவ்வளவுதான் என்பதையும் மறக்க வேண்டாம். போர் முடிந்து எதிர்த்தரப்பின் விவரங்கள் வெளிவந்த பிறகு யாரும் அதைத் திருத்தி எழுதுவதில்லை.

நாடாளுமன்ற மின்னூலகத்தில் மக்களவை விவாதங்கள் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. விபத்துகள், தயாரிப்புத் தாமதம், செலவு பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு அமைச்சர்கள் தந்த பதில்கள் அங்கே கிடைக்கும். சொல்லை வைத்துத் தேடுவதைவிடத் தேதி வரம்பை வைத்துத் தேடுங்கள். காரணம் எளிது: மங்கிய அச்சைக் கணினி படிக்கும்போது எழுத்துகள் மாறும். நாட் என்பதன் ஆங்கில எழுத்துகளில் ஒன்றே ஒன்று பிசகினால் போதும், விமானம் ஆடாகிவிடும் (Goat). தேடலில் வராததால் அவையில் பேசவே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு தயாரித்த 1965, 1971 போர்களின் அதிகாரப்பூர்வ வரலாறுகள் பிடிஎஃப் வடிவில் இணையத்தில் உலவுகின்றன. விமானப் போர் பற்றிய அத்தியாயத்தை மட்டும் முதலில் எடுங்கள். அடிக்குறிப்புகளைப் படிக்கத் தவறாதீர்கள். எந்தத் தகவல் ஸ்குவாட்ரன் நாட்குறிப்பிலிருந்து வந்தது, எது நேர்காணலிலிருந்து வந்தது என்று அங்கேதான் தெரியும்.

பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியல் இணையத்தில் இலவசம். ஆனால் அது பட்டியல்தான். கோப்பின் தலைப்பும் ஆண்டும் தெரியும். பெரும்பாலான கோப்புகளின் பக்கங்கள் இணையத்தில் ஏற்றப்படவில்லை. பிரதி வேண்டுமென்றால் கட்டணம் கட்டிக் கேட்க வேண்டும், அல்லது நேரில் போக வேண்டும். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு "இந்தக் கோப்பின்படி" என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்வதைவிடக் கோப்பைக் குறிப்பிடாமலே இருந்துவிடலாம்.

7. எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள்

நாட் வரலாற்றைத் தேடுபவர் இந்தப் படியைத் தவிர்க்கவே முடியாது. 1965 செப்டம்பர் 3 என்ற ஒரே நாளை எடுத்துக்கொண்டால் ஏன் என்று விளங்கும்.

அன்று 23வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ட்ரெவர் கீலர் பாகிஸ்தானின் சேபர் விமானம் ஒன்றை வீழ்த்தியதாக இந்தியத் தரப்பு அறிவித்தது. அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. அந்த சேபர் கடுமையாக அடிபட்டாலும் தளத்துக்குத் திரும்பிவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்பின் பதிவு. கீலர் சுட்டதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. குண்டு பட்டதிலும் இல்லை. அதற்குப் பிறகு அந்த விமானம் என்ன ஆனது என்பதில்தான் வேறுபாடு. ஜெட் வேகத்தில், சில நொடிகள் மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பும் விமானிக்கு எதிரி விமானத்தின் முடிவு தெரியாமல் போவது எந்த நாட்டுப் படையிலும் நடப்பதுதான்.

அதே நாளில் இன்னொரு நாட், ஐஇ1083, பாகிஸ்தானின் பஸ்ரூர் தளத்தில் தரையிறங்கியது. விமானி சிறைப்பிடிக்கப்பட்டார். பாகிஸ்தானின் எஃப்-104 போர் விமானத்தைக் கண்டு சரணடைந்தார் என்கிறது பாகிஸ்தான் தரப்பு. கூட்டத்திலிருந்து பிரிந்து, எரிபொருள் தீரும் நிலையில், நம் தளம் என்று எண்ணி இறங்கிவிட்டார் என்கிறது இந்தியத் தரப்பு. விமானம் இன்றும் கராச்சியில் உள்ள பாகிஸ்தான் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் படங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

இந்த இரண்டையும் அட்டவணையில் எப்படிப் பதிவது? ஒரு நிகழ்வுக்கு இரண்டு வரிசைகள். முதல் வரிசையில் இந்தியக் கூற்று, இரண்டாவதில் பாகிஸ்தான் கூற்று. 'யார் சொன்னது' பத்தி இதற்குத்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசக் கதையை நீங்களே உருவாக்கி மூன்றாவது வரிசையில் எழுதாதீர்கள். இரு தரப்பும் ஒத்துப்போகும் துண்டுகளை மட்டும் தடித்த எழுத்தில் குறியுங்கள். பஸ்ரூர் நிகழ்வில் தேதி, இடம், வால் எண், விமானம் சேதமில்லாமல் கிடைத்தது என்ற நான்கும் தடித்த எழுத்துக்குப் போகும். மீதி அப்படியே நிற்கட்டும்.

பாய்ராவிலும் இதே முறைதான். 22வது ஸ்குவாட்ரனின் நான்கு நாட் விமானங்கள் மூன்று சேபர் விமானங்களை வீழ்த்தியதாக இந்தியா கணக்கிட்டது. இரண்டு போயிற்று, ஒன்று அடிபட்டுத் திரும்பியது என்றது பாகிஸ்தான். குதித்துத் தப்பிய பாகிஸ்தான் விமானிகள் இருவர் இந்தியக் கையில் சிக்கினார்கள் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. சிக்கியவர்களில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி பிற்காலத்தில் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியானார்.

தேசப்பற்று பொங்கும் கருத்துச் சண்டைகளில் இந்தக் கட்டத்தில் நுழைந்துவிடாதீர்கள். மாலை முழுக்கப் போகும், அட்டவணையில் ஒரு வரி கூடாது.

8. கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

ஒரே மோதலுக்கு இரண்டு நூல்களில் இரண்டு நேரங்கள் இருந்தால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று பொருள் கிடையாது. 1971 இல் இந்திய நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். மேற்குப் பாகிஸ்தான் ஐந்து மணி, கிழக்குப் பாகிஸ்தான் ஆறு மணி முன்னால்.

ஆகவே ஸ்ரீநகர் மோதல் பற்றிப் பெஷாவரிலிருந்து வந்த பாகிஸ்தான் விமானிகளின் பதிவில் இருக்கும் நேரத்தோடு அரைமணி கூட்ட வேண்டும். பாய்ரா பற்றி டாக்கா தரப்புப் பதிவில் இருக்கும் நேரத்திலிருந்து அரைமணி கழிக்க வேண்டும். இந்திய நேரம் பிற்பகல் 2.50 என்றால் டாக்காவில் 3.20. அட்டவணையில் எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றி எழுதி, மூலத்தில் இருந்த நேரத்தை அடைப்புக்குறிக்குள் வையுங்கள். முரண்பாடு என்று தோன்றிய பல விஷயங்கள் இந்த ஒரு கணக்கிலேயே தீர்ந்துவிடும்.

9. படத்தைப் படிக்கும் வரிசை

படம் கிடைத்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது வால் எண்ணைத்தான். அதைக் கடைசியில் பாருங்கள். எண் என்பது பெயின்ட். உடலின் வடிவம்தான் நம்பத்தக்கது.

முதலில் விமானி அறை: ஓர் இருக்கையா, இரண்டா? இரண்டு என்றால் டி.1 அல்லது பயிற்சி அஜீத். அடுத்து எஞ்சினுக்குக் காற்று போகும் பக்கவாட்டு வாய்கள்: ஒவ்வொன்றின் வெளிப்புறத்திலும் பீரங்கிக் குழாயின் துளை தெரிகிறதா? எஃப்.1 விமானத்துக்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கி பக்கத்துக்கு ஒன்று உண்டு, டி.1 விமானத்தில் இல்லை. மூன்றாவது இறக்கையின் அடிப்பகுதி: இரண்டு தொங்குமிடங்களா, நான்கா? நான்கு என்றால் அஜீத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். பறக்கும்போது எடுத்த படத்தில் சக்கரக் கதவுகள் பாதி திறந்து தொங்கினால் பழுது என்று எழுதிவிடாதீர்கள். நாட் விமானத்தில் அந்தக் கதவுகளே வேகத்தைக் குறைக்கும் தடுப்பாகவும் பயன்பட்டன.

இவ்வளவும் முடிந்த பிறகு வால் எண். பீடத்தில் நிற்கும் விமானங்களுக்குப் பல முறை புதிதாக வண்ணம் பூசியிருப்பார்கள். பூசியவர் பழைய எண்ணையே எழுதியிருக்கலாம், புகழ்பெற்ற வேறொரு விமானத்தின் எண்ணையும் எழுதியிருக்கலாம், ஓர் இலக்கத்தை விட்டும் இருக்கலாம். எனவே வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த இரண்டு படங்களாவது வேண்டும். பழைய படத்துக்கே முன்னுரிமை.

அமெரிக்கக் கடற்படை போன்ற வண்ணத்தில் நாட் விமானம் ஒன்றின் படம் அவ்வப்போது வலம்வரும். அமெரிக்கா நாட் வாங்கியதா என்று ஒருவர் கேட்பார். வாங்கவில்லை. 1991 இல் வந்த ஒரு நகைச்சுவைத் திரைப்படத்துக்காகப் பூசிய வேடம் அது.

நீங்களே படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பெங்களூரில் உள்ள ஹெச்ஏஎல் அருங்காட்சியகம் போன்ற பொது இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விமானப்படை நிலையத்தின் வாசலில் நிற்கும் விமானம் சாலையிலிருந்து நன்றாகத் தெரிந்தாலும், அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். அங்கே படம் எடுக்கத் தடை இருக்கும். காவலரிடம் வரலாற்று ஆர்வத்தை விளக்கிக்கொண்டு நிற்பது நல்ல அனுபவமாக இருக்காது.

10. மற்ற நாடுகளின் நாட் விமானங்கள்

தேவைப்பட்டால் மட்டும் இந்தப் படி. பிரிட்டனின் டி.1 விமானங்கள் எக்ஸ்பி, எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் போன்ற எழுத்துகளில் தொடங்கும் எண்களைக் கொண்டவை. பணி முடிந்து தரைப் பயிற்சிக்குப் போனபோது பலவற்றுக்கு எம் என்ற எழுத்தில் முடியும் புது எண் தரப்பட்டது. பின்பு தனியாருக்கு விற்றபோது மூன்றாவதாக ஒரு சிவில் பதிவு எண்ணும் வந்தது. மூன்றையும் இணைப்பது தொழிற்சாலை தந்த தயாரிப்பு எண். பிரிட்டன் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஜி-இன்ஃபோ பதிவேட்டிலும், அமெரிக்கக் கூட்டாட்சி விமான நிர்வாகத்தின் பதிவேட்டிலும் அந்த எண்ணை வைத்துத் தேடலாம். பதிவு ரத்தான விமானங்களும் அவற்றில் இருக்கும்.

பின்லாந்தின் 13 விமானங்கள் ஜிஎன்-101 முதல் ஜிஎன்-113 வரை எண் பெற்றவை. 1958 முதல் 1972 வரை பணியில் இருந்தன. 1958 ஜூலை 31 அன்று லௌரி பெகுரி ஒரு நாட் விமானத்தில் ஒலிவேகத்தைத் தாண்டினார். அதைச் செய்த முதல் பின்லாந்துக்காரர் அவர். அந்நாட்டு அருங்காட்சியகங்களின் படங்களை ஃபின்னா என்ற ஒரே தேடுதளத்தில் பார்க்கலாம். எஃப்.1 விமானத்தின் உட்புற விவரம் தேடும் மாதிரி விமானக் கலைஞர்கள் அங்கே போய்ப் பார்ப்பது நல்லது.

11. மனிதர்களிடம் கேட்பது கடைசியில்

ஓய்வுபெற்ற விமானிகளும் பராமரிப்புப் பணியாளர்களும் முதுமையில் இருக்கிறார்கள். "நாட் பற்றிச் சொல்லுங்கள் ஐயா" என்று ஆரம்பித்தால், அவர் ஏற்கெனவே பல முறை சொன்னதையே சொல்வார். முந்தைய பத்துப் படிகளையும் முடித்துவிட்டு, வால் எண்ணும் தேதியும் ஒரு படமும் கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இந்த விமானத்தின் இந்தக் கதவு ஏன் வேறு நிறத்தில் இருக்கிறது?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்தத் தளத்திலும் இருக்காது.

விமானிகளையே எல்லோரும் தேடிப் போகிறார்கள். நான் என்றால் முதலில் தரைப் பணியாளர்களைத் தேடுவேன். விமானி ஒரு நாள் ஓட்டிய விமானத்தை மறுநாள் வேறொருவர் ஓட்டுவார். கதவைத் திறந்து குழாயை மாற்றியவருக்குத்தான் எண் நினைவில் இருக்கும்.

அவர் சொன்னதை அன்றைக்கே எழுதி, அவரிடம் படித்துக் காட்டி, வெளியிடலாமா என்று கேளுங்கள். முகவரி, தொலைபேசி எண், குடும்ப விவரம் எதுவும் அட்டவணையில் ஏறக் கூடாது. அவர் தந்த படத்துக்கும் அதே விதி. ஸ்கேன் செய்ய அனுமதித்தார் என்பது இணையத்தில் போட அனுமதித்ததாக ஆகாது.

12. திருத்தம் அனுப்பும் முறை

தேடிக்கொண்டே போகும்போது தரவுத்தளங்களில் பிழைகளைக் காண்பீர்கள். அவற்றை நடத்துபவர்கள் பெரும்பாலும் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். பத்துப் பிழைகளை ஒரே கடிதத்தில் கொட்டாமல் ஒரு கடிதத்துக்கு ஒரு வால் எண் என்று அனுப்புங்கள். முதல் வரியில் எண், இரண்டாவதில் இப்போது தளத்தில் இருப்பது, மூன்றாவதில் இருக்க வேண்டியது, நான்காவதில் ஆதாரத்தின் சேமித்த பிரதிக்கான சுட்டி. படம் இருந்தால் எடுத்த ஆண்டோடு இணையுங்கள்.

உங்கள் அட்டவணையில் 'இ' என்று இருக்கும் எதையும் திருத்தமாக அனுப்பாதீர்கள். பதில் வரச் சில மாதங்கள் ஆகலாம். அதற்குள் அடுத்த வால் எண்ணை எடுத்துக்கொண்டு முதல் படிக்குப் போய்விடலாம்.